கக்கத்துல என்ன வச்சிருக்கீங்கன்னு பிசியோ கேட்டாங்க. ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு வருசமா வலி. யாருக்காவது இப்படி இருக்கா?

தோள்வலி_39:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு போற ஆளு, இப்பதான் மொத தடவ எழுதுதேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கிடுங்க.

சொந்த ஊரு நாங்குநேரி பக்கம், பேரு வேண்டாம். இப்ப திருநெல்வேலி வண்ணார்பேட்டைல குடியிருக்கேன், கணக்கு எழுதுத வேல. ரெண்டு வருசமா வலது தோள்ல வலி. கழுத்துல கெளம்பி தோள்பட்டைக்கு பின்னால வந்து நிக்கும். எலும்பு டாக்டர் ரெண்டு பேர பாத்தாச்சு, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, சுகர் எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாவ. கடைசில பிசியோவுக்கு அனுப்புனாவ. அங்க ஒரு சின்னப் புள்ள, 25 வயசு இருக்கும், நான் பெஞ்சுல உக்காந்திருந்தத கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்துட்டு கேட்டுச்சு, "அண்ணே கக்கத்துல என்ன வச்சிருக்கீங்க?" நான் குனிஞ்சு பாக்கேன், ஒண்ணும் இல்ல. ஆனா கை விலாவோட ஒட்டி இருக்கு, தோள் முன்னால குறுகி கெடக்கு, எதையோ இடுக்கி வச்சிருக்க மாதிரியேதான். "விடுங்க"ன்னுச்சு, விட்டேன். சும்மா ஊரு பேரு, புள்ளைங்க படிப்புன்னு பேச்சு குடுத்துட்டே இருந்துட்டு கண்ணாடிய காமிச்சுச்சு. மறுபடி இடுக்கியிருக்கேன்.

திரும்பி வரும்போது பஸ்சுலதான் பொறி தட்டுச்சு. அது எங்க அப்பா.

அப்பா தோள்ல எப்பவும் ஒரு துண்டு கெடக்கும். வயக்காட்டுல தோள்ல, எங்க தெருவுல தோள்ல. மேலத்தெரு முக்கு வந்துட்டுன்னா துண்டு தானா இறங்கி கக்கத்துக்குள்ள போயிரும், அப்பாவும் சைக்கிள விட்டு இறங்கி உருட்டிட்டே போவாவ. வாய்க்கா பாலம் தாண்டுனதும் துண்டு மேல ஏறும், அப்பாவும் சீட்டுல ஏறுவாவ. பின்னால கேரியர்ல நான். அந்த ஒரு தெரு தூரம் நானும் இறங்கி நடக்கணும். யாரும் எனக்கு சொல்லித் தரல, அப்பா முதுக பாத்தே தெரியும் இப்ப இறங்கணும்னு.

இன்னொண்ணு. 95, 96 வாக்குல நம்ம பக்கம் பூரா சாதிக் கலவரமா கெடந்துச்சுல்லா, அப்ப எனக்கு 9 வயசு. ஒரு ராத்திரி ஜீப்பு சத்தம் கேட்டதும் அம்மா என்னையும் தங்கச்சியையும் இழுத்துக்கிட்டு வாழத்தோப்புக்குள்ள ஓடுனாவ. அன்னைக்குன்னு பாத்து தண்ணி பாய்ச்சியிருந்துச்சு, கெண்டைக்கால் வரைக்கும் சகதி. விடியுத வரைக்கும் அம்மாவோட உள்ளங்கை என் வாய் மேலயே இருந்துச்சு, கையில வெங்காய வாடை. இப்பவும் ராத்திரி வாசல்ல டீசல் வண்டி ஒண்ணு வந்து நின்னா என் தாடை இறுகிரும், காலு ரெண்டும் சில்லிட்டுப் போவும். ஆபீஸ்ல மேனேஜர் "கொஞ்சம் உள்ள வாங்க"ன்னு சொன்னாலும் அதே கததான். அந்த மனுசன் ஒரு நாள் கூட என்ன கடிஞ்சு பேசுனது இல்ல. புத்திக்கு தெரியுது, ஒடம்புக்கு தெரிய மாட்டேங்கு.

நெட்டுல தேடுனா "சொமாட்டிக் தெரபி", ஒடம்பு வழியா மனக்காயத்த ஆத்துறதுன்னு என்னென்னமோ வருது. சென்னைல ரெண்டு நாள் வொர்க்‌ஷாப்பாம், 18,000 ரூவாயாம். என் சம்சாரம் சொல்லுதா, "18,000 குடுத்து மூச்சு விடப் படிக்கணுமா, இப்ப என்ன விடாமயா இருக்கிய?" அவ சொல்லுததும் நியாயம்தான். ஆனா எனக்கு உண்மையிலயே தெரிஞ்சாவணும், இது நெசமா, இல்ல டுபாக்கூரா? நம்ம பக்கம் யாராவது போயிருக்கீங்களா?

அம்பை_மாப்ள:

அண்ணாச்சி வெசனப்படாதீங்க, நல்லெண்ணெய காய்ச்சி தேச்சு பாவநாசத்துல போயி அருவில தோள காமிங்க, 18,000 மிச்சம் 😄

நைட்டூட்டி_அக்கா:

ஏலே அம்பை, அவரு என்ன எழுதியிருக்காருன்னு முழுசா படிச்சியா நீ? அருவி அங்கயேதான் கெடக்கும், மொதல்ல படிச்சிட்டு வா.

தம்பி, நான் நர்சா 31 வருசம் இருந்து ரிட்டையர் ஆனவ, அதுல கடைசி அஞ்சாறு வருசம் மனநல வார்டு. டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். சுகர் பாத்தது நல்லது, சுகர் இருக்கவங்களுக்குத்தான் தோள் இறுகுத வியாதி ஜாஸ்தி. தைராய்டு பாக்கலன்னா அதையும் ஒரு எட்டு பாத்துருங்க. எல்லாத்தையும் மனசு மேல போடப் பிடாது, அதே மாதிரி எக்ஸ்ரேல தெரியலன்னா வலியே இல்லன்னும் சொல்லப் பிடாது.

நீங்க கேட்டது நெசமான்னு. பாதி நெசம், பாதி யாவாரம்.

நெசம் எதுன்னா, பயம் வந்தா ஒடம்பு யோசிக்காது. மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்ன இடம், நம்ம புத்தி எந்திரிச்சு செருப்பு மாட்டுததுக்குள்ள அது அட்ரினலின தெறந்து விட்டுரும். ஓட முடிஞ்சா ஓடும், அடிக்க முடிஞ்சா அடிக்கும். ரெண்டும் முடியாத எடத்துல என்ன செய்யும்? உறைஞ்சு போயிரும். ஒம்பது வயசு புள்ள, வாயப் பொத்தி, சகதிக்குள்ள, சத்தம் போடப்பிடாது, ஓடவும் பிடாது. அதத்தான் ஒங்க தாடையும் காலும் இப்பவும் செய்யுது. அது வியாதி இல்ல தம்பி, அன்னைக்கு ஒங்கள காப்பாத்துன வித்தை, விட மாட்டேங்கு, அவ்வளவுதான்.

யாவாரம் எதுன்னா, இந்த வழி எல்லாத்தையும் தீத்துரும்னு சொல்லுதது. பேரு வாங்குன முறைக்கே ஆதாரம் கொஞ்சந்தான். பீட்டர் லெவின்னு ஒரு அமெரிக்கக்காரரு ஆரம்பிச்சது ஒண்ணு, மிருகம் எல்லாம் ஆபத்து தாண்டுனதும் ஒடம்ப ஒதறி பயத்த வெளிய தள்ளிரும், மனுசனும் அப்படி தள்ளணும்னு சொல்லுதாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, நிரூபிச்ச விசயம்னு சொல்ல முடியாது. 2017ல இஸ்ரேல்ல 63 பேர வச்சு அந்த முறைய சோதிச்சதுல பலன் இருந்துச்சு, ஆனா 63 பேருங்கது நம்ம வார்டுல ஒரு வாரத்து கூட்டம். பாஸ்டன்ல வான் டெர் கோக்னு ஒரு மனநல டாக்டர், பிடிஎஸ்டிங்கிற மனக்காய வியாதி வந்து வேற வைத்தியத்துக்கு மசியாத 64 பொம்பளைகள வச்சு 10 வாரம் யோகா சொல்லிக் குடுத்து பாத்தாரு, 2014ல வந்துச்சு. முடிவுல யோகா செஞ்ச 31 பேர்ல 16 பேருக்கு அந்த வியாதின்னு சொல்லுத அளவுக்கு இல்லாமப் போச்சு, வெறும் ஆரோக்கிய வகுப்பு மட்டும் எடுத்துக்கிட்ட 29 பேர்ல 6 பேருக்குத்தான் அப்படி. அது நல்ல சேதிதான். இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் 2013ல பேரு சொல்லி பரிந்துரைச்சது ரெண்டு, ஒண்ணு மனக்காயத்த மையமா வச்ச சிபிடி, அதாவது நினைப்பையும் நடத்தையையும் பேசிப் பேசி மாத்துத வைத்தியம், இன்னொண்ணு இஎம்டிஆர், அதாவது கண்ண இங்கிட்டும் அங்கிட்டும் ஓட்டிக்கிட்டே பழைய நினைப்ப கொஞ்சம் கொஞ்சமா எடுக்குதது.

செலவு பண்ணுததுக்கு முன்னால ஹைகிரவுண்டு அரசாங்க ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, சீட்டு போட்டு உக்காருங்க. வெளிய பாக்குததா இருந்தா அந்த ஆளு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கான்னு வாய விட்டு கேளுங்க, கூச்சப்படாதீங்க. ராத்திரி ஜீப்பு சத்தத்துல தூக்கம் போச்சுன்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பாவ, தமிழ்ல பேசலாம்.

இப்பவே செய்யுததுக்கு ஒண்ணு சொல்லுதேன். பய்ய மூச்ச உள்ள இழுத்து, இழுத்தத விட ரொம்ப நேரம் எடுத்து வெளிய விடுங்க. மூச்சு வெளிய போவும்போது மூளைல இருந்து நெஞ்சுக்கு வார வேகஸ் நரம்பு நெஞ்சுத் துடிப்ப லேசா கொறைக்கும், கையில நாடி பிடிச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும். ரெண்டாவது, தோள விடுங்க விடுங்கன்னு சொன்னா விடாது. காது வரைக்கும் இறுக்கித் தூக்கி, மனசுக்குள்ள பத்து எண்ணி, அப்பறம் பொத்துன்னு போடுங்க. ஜேக்கப்சன்னு ஒரு டாக்டர் நூறு வருசத்துக்கு முன்னாலயே சொன்ன வித்தை. ஆனா கண்ண மூடாதீங்க. கண்ண மூடி "ஒடம்ப கவனிங்க"ன்னு சொன்னா சில பேருக்கு நேரா வாழத்தோப்புக்குள்ள போயி நிக்கும். தெறந்தே வச்சுக்கிட்டு, சொவத்துல என்ன காலண்டர் தொங்குதுன்னு பாத்துக்கிட்டே செய்யுங்க.

தோள்வலி_39:

அக்கா, "காப்பாத்துன வித்தை"ன்னு எழுதுனத என் சம்சாரத்துக்கு படிச்சுக் காட்டுனேன். அவ ஒண்ணும் சொல்லல, உள்ள போயி காப்பி போட்டுட்டு வந்தா.

கோர்ட்டு_வாசல்:

நைட்டூட்டி அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனா எனக்கு ஒரு எரிச்சல், கொட்டிருதேன். இந்த மூச்சு, தோளு, வேகஸ் எல்லாம் பேசுதோம், அந்த தெருவ யாரும் பேச மாட்டேங்கிய. இவரு அப்பா சைக்கிள விட்டு இறங்குனது இவரு நரம்பு மண்டலத்துல இருந்த கோளாறா? இறங்க வச்சவனுக்கு எந்த தெரபி? அடி வாங்குனவன் 18,000 கட்டி மூச்சு விடப் படிக்கணும், அடிச்சவன் அதே திண்ணைல காலாட்டிட்டு உக்காந்திருப்பான். நல்லாருக்கு கத.

தம்பி இத தெரிஞ்சுக்கிடுங்க. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்த 2015ல திருத்துனாவ, 2016 ஜனவரி 26ல இருந்து அமல். அதுல பட்டியல் சாதி, பழங்குடி ஆளுக பொது எடத்துல சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டிட்டுப் போறத, செருப்பு போடுதத, புதுத் துணி உடுத்துதத தடுத்தா குற்றம்னே எழுதியிருக்கு, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருசம் வரைக்கும். சைக்கிள்னு பேரச் சொல்லியே எழுதியிருக்காவ. நாடு பூரா எத்தன அப்பாமாரு இறங்கி உருட்டியிருந்தா பார்லிமெண்டுல ஒக்காந்து அந்த வார்த்தைய எழுதுவாவன்னு யோசிங்க. புகாருக்கு 14566னு ஒரு எண் இருக்கு. இப்ப அங்க நெலம எப்படின்னு எனக்கு தெரியாது, நீங்கதான் சொல்லணும்.

ஒடம்பு ஞாபகம் வச்சிருக்குங்கத நான் மறுக்கல. 1999 ஜூலை 23, மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க கூலிக்காகவும் செயில்ல கெடந்தவங்கள விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தாவ, தடியடில தாமிரபரணி ஆத்துக்குள்ள வெரட்டப்பட்டு 17 உசிரு போச்சு, அதுல ஒண்ணு ஒன்றரை வயசு புள்ள. ஒவ்வொரு ஜூலை 23க்கும் ஆத்துல பூ போடுதாவ. எங்கிட்ட வந்த ஒரு பெரியவரு, அன்னைக்கு அந்த கூட்டத்துல இருந்தவரு, கொக்கிரகுளம் பாலத்துல பஸ்சு ஏறுனதும் பேச்ச நிறுத்திருவாரு. பாதி வாக்கியத்துல நிப்பாட்டுவாரு. பாலம் தாண்டுனதும் அந்த பாதியில இருந்தே தொடங்குவாரு, விட்டது அவருக்கே தெரியாது. நான் ரெண்டு மூணு தடவ கூடப் போயி பாத்திருக்கேன். அவருக்கு மூச்சுப் பயிற்சி வேண்டாம்னு நான் சொல்லல. அதோட அது நிக்கப் பிடாதுன்னு சொல்லுதேன்.

பாளை_லைப்ரரி:

வக்கீல் சார் கோவத்துல ஒரு சின்ன திருத்தம். ரெண்டையும் சேத்து யோசிச்சவங்க இருக்காங்க. ஃபிரான்ஸ் ஃபனான்னு ஒருத்தர், மார்த்தினிக் தீவுல பொறந்த கறுப்பின மனநல டாக்டர், 1953ல அல்ஜீரியாவுல பிளிடா ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தாரு, பிரெஞ்சுக்காரன் ஆண்டுக்கிட்டிருந்த காலம். அடிமைப்பட்ட சனங்களோட தசை எந்நேரமும் விறைச்சே இருக்குன்னு அவரு கவனிச்சு எழுதியிருக்காரு. ராத்திரி கனவுல அவங்க ஓடுவாங்களாம், தாவுவாங்களாம், நீந்துவாங்களாம். பகல்ல அடக்குனத கனவுல ஒடம்பு செஞ்சு பாக்கும். பாத்துட்டு அவரு மருந்து எழுதிக் குடுத்ததோட நிக்கல, வேலைய விட்டுட்டு விடுதலைப் போராட்டத்துல போயி சேந்துட்டாரு. சாருக்கு பிடிக்கும்.

அமெரிக்காவுல ஆர்லின் ஜெரோனிமஸ்னு ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா 1992ல ஒரு கருத்த சொன்னாங்க, வெயில்லயும் மழையிலயும் கெடந்து மரச்சாமான் அரிச்சுப்போற மாதிரி, ஒதுக்கி வைக்குத சமூகத்துல கெடக்குத ஒடம்பு வயசுக்கு முன்னாலயே தேஞ்சு போவுதுன்னு. கறுப்பின பொம்பளைங்க பிரசவக் கணக்க வச்சுதான் அத பேசுனாங்க. மின்னியாபோலிஸ்ல ரெஸ்மா மெனகெம்னு ஒரு கறுப்பின தெரபிஸ்ட், அவரு இன்னும் ஒரு படி போயி, அடி வாங்குதவன் ஒடம்பு மட்டும் இல்ல, வெள்ளக்காரன் ஒடம்பு, போலீஸ்காரன் ஒடம்பு மூணுலயும் இது ஒறஞ்சு கெடக்கு, மூணு பேருமே அவங்கவங்க ஒடம்புல வேல பாக்கணும்னு சொல்லுதாரு. சார் கேட்டாருல்லா அடிச்சவனுக்கு எந்த தெரபின்னு, கேட்டவரு அங்கயும் இருக்காரு.

நான் வாத்தியார், அதனால எனக்கு இதெல்லாம் மணிக்கட்டுல தெரியும். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு பட்டியல் சாதி பையனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிச்ச பயலுவளே வீடு புகுந்து வெட்டுனதுக்கு அப்பறம் நீதிபதி சந்துரு தலைமைல ஒரு நபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல 610 பக்கத்துக்கு அறிக்கை குடுத்தாரு, கையில சாதியக் காட்டுத கலர் கயிறு கட்டப்பிடாதுங்கதும் அதுல ஒண்ணு. நாங்க அவுக்கச் சொன்னோம், அவுத்துட்டானுவ. ஆனா கயிறு இருந்த எடம் வெளுத்து ஒரு வளையமா தெரியும்லா, அத சட்டைக் கைய இழுத்து விட்டு மறைக்குதவன் ஒருத்தன், எல்லாருக்கும் தெரியுத மாதிரி மடிச்சு விடுதவன் ஒருத்தன். யாரு மறைப்பான், யாரு மடிப்பான்னு நான் சொல்லணுமா?

தோள்வலி தம்பி, நெட்டுல இன்னொண்ணும் வாசிப்பீங்க, தாத்தா பட்டது பேரனுக்கு ஜீன்ல வருதுன்னு. மனுசங்க விசயத்துல அது இன்னும் வழக்காடிக்கிட்டு இருக்குத சமாச்சாரம், அதுக்குள்ள போவ வேண்டாம். ஒங்களுக்கு ஜீன் தேவையில்ல. சைக்கிள் கேரியர்ல ஒக்காந்து தெனம் படிச்ச பாடம் அது.

தேரிக்காட்டான்:

தோளுன்னதும் எழுதணும்னு தோணிச்சு. நான் திசையன்விளை பக்கம். எங்க ஆச்சிக்கு ஆச்சி தெக்க திருவிதாங்கூர் சீமைல இருந்து வந்தவ, அங்க எங்க சனத்துப் பொம்பளைங்க மேல்சீலை போடப்பிடாதுன்னு இருந்த காலம். அதுக்காக 1822ல தொடங்கி முப்பது நாப்பது வருசம் அடிதடி, கடைசில 1859ல தான் ராசா உத்தரவு போட்டாரு. தோள்சீலைப் போராட்டம்னு எல்லாரும் படிச்சிருப்பிய. ஒரு மொழம் துணி தோள்ல கெடக்குததுக்கு அவ்வளவு ரத்தம்.

நான் சொல்ல வந்தது அது இல்ல, அய்யா வைகுண்டர். சாமித்தோப்புல, 1809ல பொறந்தவரு. அந்தக் காலத்துல எங்க சனம் தலப்பா கட்டப்பிடாது, தலைல சும்மாடு மட்டுந்தான் இருக்கலாம், அதுவும் அடுத்தவன் பாரத்த சுமக்க. அய்யா என்ன செஞ்சாரு? பதிக்குள்ள, அதாவது அய்யாவழி கோயிலுக்குள்ள, வாரவன் எவனும் தலப்பா கட்டிக்கிட்டுத்தான் சாமி கும்பிடணும்னுட்டாரு. உள்ள போனா செல கெடையாது, கண்ணாடி இருக்கும். தலப்பா கட்டுன ஒன் மொகம்தான் எதுக்க நிக்கும், அதத்தான் நீ கும்பிடணும். ராசா பிடிச்சு செயில்ல போட்டும் பாத்தாரு. இன்னைக்கும் எங்கூரு நிழல் தாங்கல்ல, அதுவும் அய்யா கோயில்தான், ஆம்பளைக தலப்பா இல்லாம உள்ள போவ முடியாது. சின்னப் பிள்ளைல எங்க அப்பா கட்டி விடுவாவ, கட்டி முடிச்சதும் தாடைய பிடிச்சு லேசா தூக்கி விடுவாவ. தலப்பா கட்டுனா குனிய முடியாது பாத்துக்கிடுங்க, குனிஞ்சா அவுந்துரும். இந்த சொமாட்டிக் எல்லாம் வாரதுக்கு நூத்தம்பது வருசம் முன்னால ஒரு மனுசன் அத தெரிஞ்சு வச்சிருந்தாரு, வொர்க்‌ஷாப் பீசு கெடையாது.

ஒண்ணு மட்டும் உள்ளத உள்ளபடி சொல்லுதேன், திட்டுதவங்க திட்டுங்க. அன்னைக்கு தலப்பா கட்ட விடாம இருந்தத சொல்லிச் சொல்லி வளந்த எங்க ஆளுகள்லயே, இன்னைக்கு இன்னொருத்தன் துண்ட கக்கத்துல வச்சாத்தான் டீய கைல குடுப்பேன்னு இருந்தவன நான் கண்ணால பாத்திருக்கேன். அவனும் ஞாயித்துக்கெழம தலப்பா கட்டிக்கிட்டு கண்ணாடி முன்னால நிக்கத்தான் செஞ்சான்.

சுடலை_பேத்தி:

எங்க சித்தி, அவ புருசன் அடிச்சு அடிச்சு, கூனியே போயிட்டா. வருசா வருசம் கோயில் கொடைல கணியான் கூத்துக்காரங்க மகுடங்கிற மேளத்த அடிக்க ஆரம்பிச்சதும் அவளுக்கு அருள் வந்துரும், மூணு மணி நேரம் ஆடுவா. அன்னைக்கு சித்தப்பா அவ கால்ல விழுந்து துன்னூறு வாங்கணும் 😁 அதுக்கப்பறம் ஒரு மாசம் நல்லா தூங்குவா. இதுவும் தெரபிதானே அக்கா?

நைட்டூட்டி_அக்கா:

ஏட்டி அது ஒரு மாசத்துக்கு நல்லதுதான், நான் கொற சொல்ல மாட்டேன். ஒப்பாரி வச்சு மாரடிச்சு அழுத வீட்டுல துக்கம் சீக்கிரம் ஆறுததையும் என் கண்ணால பாத்திருக்கேன். மீதி பதினொரு மாசம் அந்த ஆளு அடிக்கானா இல்லையா? 181னு பெண்களுக்கு உதவி எண் இருக்கு, சித்திகிட்ட சொல்லி வை. போன்ல பதிய வேண்டாம், அந்த ஆளு பாப்பான். மனப்பாடம் பண்ணிக்கிடச் சொல்லு.

அடவு_மன்னன்:

பறை அடிங்க அண்ணே. ஒரு மாசம் அடிங்க, தோள் தானா வரும்.

பறைவீட்டு_மவன்:

அடவு மன்னன் தம்பி, ஆசையா சொல்லியிருக்க, சரிதான். ஆனா யாருகிட்ட சொல்லுதோம்னு ஒரு நிமிசம் யோசிச்சு சொல்லணும். எங்க தாத்தா எழவு வீட்டுக்கு எல்லாம் பறை அடிக்கப் போயே ஆவணும், போவலன்னா அடி. எங்க அப்பா ஒரு நாள் "இனிமே அடிக்க மாட்டேன்"னு சொல்லி பறைய பரண்ல தூக்கிப் போட்டாரு. அதுக்கு அவரு ஆறு மாசம் ஊருல வேல கெடைக்காம கெடந்தாரு. பறைய கீழ வச்சதுதான் அவரு நிமிந்தது. அந்த வீட்டுல போயி இது நல்ல தெரபி, பிடிங்கன்னு குச்சிய நீட்டுனா என்ன அர்த்தம்?

இருந்தும் நான் அடிக்கேன். காலேசு படிக்கும்போது ஒரு கலைக்குழுவுல சேந்தேன், அப்பாகிட்ட ரெண்டு வருசம் சொல்லல. எனக்கு என்ன ஆச்சுன்னா, தீயில தோல காய்ச்சி, தட்டிப் பாத்து, இடுப்புல மாட்டி மொத அடி விழுந்ததும் அந்த சத்தம் காதுல கேக்காது, விலா எலும்புல கேக்கும். அடவு வைக்கும்போது குறுகிக்கிட்டு ஆடவே முடியாது, பறை நெஞ்ச முட்டும், நெஞ்ச தெறந்தாத்தான் எடம் கெடைக்கும். கூட பத்து பேரு ஒரே அடி. தனியா ஒரு ரூம்ல ஒக்காந்து மூச்சு விடுததுல எனக்கு அது கெடச்சிருக்காது. ஆனா அது நானா போயி எடுத்தது. தோள்வலி அண்ணே, நீங்களா எதையாவது எடுங்க. பறை, கபடி, சிலம்பம், நீச்சல், எதுவா இருந்தாலும் சரி. யாரும் சொல்லி எடுக்காதீங்க, நான் சொல்லியும் எடுக்காதீங்க.

(அப்பா ஒரு நாள் எங்க நிகழ்ச்சிக்கு வந்து கடைசி வரிசைல நின்னு பாத்தாரு. வீட்டுக்கு வந்து "ரெண்டாவது அடவுல எடது கை பிந்துதுலே"ன்னு மட்டும் சொன்னாரு.)

அம்பை_மாப்ள:

அண்ணாச்சி, நான் மொதல்ல வெளையாட்டா எழுதுனத மன்னிச்சுக்கிடுங்க. முழுசும் இப்பதான் படிச்சேன்.

தோள்வலி_39 (மூணு மாசம் கழிச்சு):

யாராவது இன்னும் இத பாக்கியளான்னு தெரியல. அக்கா எழுதச் சொன்னதால எழுதுதேன்.

சென்னைக்கு போவல. அரசாங்க ஓபியிலயே பாத்தேன், மொத நாள் மூணு மணி நேரம் பெஞ்சுல, பேசுனது என்னவோ பத்து நிமிசம். அங்க இருந்து ஒரு சைக்காலஜிஸ்ட கை காமிச்சாவ, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போறேன். வாழத்தோப்ப உடனே பேச விடல அவங்க. மொத நாலு தடவயும் கால் தரைல இருக்கா, நாக்காலி முதுகுல படுதா, இதே பேச்சுதான், எனக்கு கடுப்பா கூட இருந்துச்சு. அஞ்சாவது தடவதான் அம்மா கைய பத்தி பேசுனேன். வெங்காயம்னு சொல்லும்போது தாடை இறுகிட்டு, அவங்களே நிறுத்தி சன்னல பாக்கச் சொன்னாங்க. வெளிய ஒருத்தன் பைக்க தொடச்சிட்டு இருந்தான். அவன் தொடச்சு முடிக்குத வரைக்கும் பாத்துட்டு இருந்துட்டு மறுபடி பேசுனோம்.

பிசியோவும் விடல. அந்த புள்ளதான் நீச்சல் தெரியுமான்னு கேட்டுச்சு. தெரியும், வாய்க்கால்ல படிச்சதுதான். இப்ப ஞாயித்துக்கெழம காலைல ஆத்துல குறுக்குத்துறைக்கு போறேன், தண்ணி ரொம்ப வந்தா போறது இல்ல. மல்லாக்க மெதக்கணும்னா ரெண்டு கையையும் விரிச்சே ஆவணும், கக்கத்துல இடுக்கிக்கிட்டு மெதக்கவே முடியாது, ஒரு பக்கமா சாஞ்சு தண்ணிய குடிக்க வேண்டியதுதான். நான் மூணு வாரம் குடிச்சேன். வலி பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. ஜீப்பு சத்தத்துக்கு இன்னும் முழிப்பு வருது, ஆனா காலு சில்லிட்டது சீக்கிரம் தெளியுது.

வக்கீல் சார் கேட்டியளே, ஊரு நெலம. இப்ப பையங்க பைக்குல அந்த தெரு வழியா போறானுவ, யாரும் இறங்குதது இல்ல, ரெண்டு தடவ சண்டை வந்துச்சு, ஒரு கேசு நடக்கு. நான் அந்த வழியா போயி வருசம் பதினொண்ணு ஆச்சு. பஸ் ஸ்டாப்புல இருந்து வெளிப்பாதைல சுத்தித்தான் வீட்டுக்கு போவேன். அத நான் யாருகிட்டயும் சொன்னது இல்ல, எங்க வீட்டுல கூட.

போன வாரம் அப்பாவ கண்ணு காட்ட இங்க கூட்டிட்டு வந்தேன். 74 வயசு. முடிச்சுட்டு வண்ணார்பேட்டைல ஒரு டீக்கடைல நின்னோம். அப்பாவ தெரிஞ்சவன் ஒருத்தன் கெடையாது அங்க, ரோடு பூரா பஸ்சும் ஆட்டோவும். கடைக்காரர் "என்ன அண்ணாச்சி, சீனி போடலாமா"ன்னு அப்பாவ பாத்து கேட்டதும் துண்டு இறங்கி கக்கத்துக்குள்ள போயிட்டு. நான் எடுத்து தோள்ல போட்டேன். அப்பா என்ன ஒரு மாதிரி பாத்தாவ. செத்த நேரத்துல மறுபடி கக்கத்துக்கு வந்துட்டு. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கே ஆத்துத் தண்ணி இன்னும் மூக்குல ஏறுது, நான் அவர என்னத்த சொல்ல.

டீ வந்துச்சு. கண்ணாடி டம்ளர், விளிம்பு வரைக்கும், கொதிக்க கொதிக்க. ஒரு கையால வாங்குனாவ, சுட்டுது, மறு கையும் வேண்டியிருந்துச்சு. கைய தூக்குனா துண்டு விழுந்துரும். கடைக்காரர பாத்தாவ, அவரு அடுத்த டீய ஆத்திக்கிட்டு இருந்தாரு. என்ன பாத்தாவ. டம்ளர பலகைல வச்சுட்டு, துண்ட ஒரு ஒதறு ஒதறி தோள்ல போட்டுட்டு, ரெண்டு கையாலயும் எடுத்து குடிச்சாவ.

"சீனி கம்மி"ன்னு சொன்னாவ, கடைக்காரருக்கே கேக்குத மாதிரி.